கரகரப்பும் சேர்த்துத்தான் பாட்டு: கராஜ் பங்க் முதல் ஆல்பத்தை ரெக்கார்டில் கேட்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சதுர அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு எல்.பி. ரெக்கார்டு. தி சோனிக்ஸ் என்ற அமெரிக்க பேண்டின் முதல் ஆல்பம், 1965-இல் வந்தது, இது அதன் மறுபதிப்பு. ஆசை ஆசையாகத் தட்டில் வைத்து ஊசியை இறக்கினான். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா மாமா இது, டேமேஜ் பீஸா? டிரம்ஸ் எல்லாம் மொத்தமா அப்பிக்கினு கீது, பாடறவன் குரல் ஸ்பீக்கர் கிழிஞ்சா மாதிரி கேக்குது. ரிட்டர்ன் போட்டுடட்டா?"

"ரிட்டர்ன் எல்லாம் வேணாம்டா. அது அப்படித்தான் இருக்கணும். உக்காரு, சொல்றேன்."

அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கராஜ் பங்க் என்றால் என்ன, அதில் மட்டும் ஏன் எல்லோரும் முதல் ஆல்பத்தையே தேடுகிறார்கள், அதையும் ஏன் ரெக்கார்டிலேயே கேட்கச் சொல்கிறார்கள் என்று புதிதாக வருகிற ஒருவருக்குக் குழப்பம் வரும். எனக்கும் வந்தது. மூன்றுக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.

கராஜ் என்றால் கார் நிறுத்துகிற ஷெட், அவ்வளவுதான். அமெரிக்காவில் சாதாரண நடுத்தரக் குடும்பத்து வீட்டிலும் அது இருக்கும். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அந்த நாட்டு டி.வி.யில் வந்து வாசித்த பிறகு, ஏற்கெனவே அங்கங்கே இருந்தது போதாதென்று, பள்ளிக்கூடத்துப் பையன்கள் தெருவுக்கு ஒரு பேண்ட் ஆரம்பித்துவிட்டார்கள். வாசித்துப் பழக இடம் வேண்டுமே, அப்பா காரை வெளியே எடுத்தால் காலியாகிற ஷெட்தான் கிடைத்தது. நம் பக்கம் அப்படிக் கார் ஷெட் யார் வீட்டில் இருக்கிறது? அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் வாசிப்பது காட்பாடி ரோட்டில், ஒரு நண்பனின் அப்பா நடத்துகிற லேத் பட்டறைக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. தகரக் கூரை, சிமெண்ட் தரை, ஓரத்தில் இரும்புச் சீவல் மூட்டைகள், எண்ணெய் வாடை. டிரம்மில் ஒரு அடி விழுந்தால் அது கூரையில் மோதி, தரையில் மோதி, கிடாரோடு கலந்து மொத்தமாக நம் மேல் வந்து விழும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மொத்தச் சத்தத்துக்குத்தான் கராஜ் என்று பெயர். தனியாக ஒரு ராகமோ தாளமோ அதற்குக் கிடையாது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், டகோமா, சியாட்டில், போர்ட்லேண்ட் பக்கம் இந்தச் சத்தம் ரொம்பப் பலமாக இருந்தது. போர்ட்லேண்டைச் சேர்ந்த தி கிங்ஸ்மென் 1963-இல் 'லூயி லூயி' என்ற பாட்டைப் பதிவு செய்த கதையைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். சில பத்து டாலர்கள்தான் செலவு. மைக் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கியது, பாடுகிறவர் கழுத்தை அண்ணாந்து கத்தித்தான் பாட வேண்டியிருந்தது, சுற்றிலும் மற்றவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் கிடார் தனியாவர்த்தனம் முடிந்ததும் அவர் அடுத்த அடியைச் சீக்கிரமே எடுத்துவிடுகிறார். எடுத்த பிறகு தவறு தெரிந்து சட்டென்று நிறுத்துகிறார், டிரம்ஸ்காரர் அந்த இடைவெளியை ஒரு உருட்டு உருட்டி நிரப்புகிறார், பிறகு சரியான இடத்தில் மறுபடி பாட்டு வருகிறது. இன்றைக்குக் கேட்டாலும் அது அப்படியே இருக்கிறது. திருத்தி இன்னொரு தடவை எடுக்கவில்லை, அப்படியே ரெக்கார்டாகப் போட்டார்கள், நாடு முழுக்க ஓடியது. வார்த்தைகள் புரியாததால் உள்ளே ஆபாசம் இருக்கிறது என்று புகார் கிளம்பி, எஃப்.பி.ஐ. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த ரெக்கார்டை வைத்து விசாரித்தது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்த வேகத்திலும் என்ன பாடுகிறார் என்று புரியவில்லை என்றுதான் கடைசியில் எழுதி வைத்தார்கள்.

அப்புறம் பங்க். அமெரிக்கப் பேச்சு வழக்கில் உருப்படாத பொடியன் என்பது மாதிரியான வசவு அது. 1970-களின் ஆரம்பத்தில், இந்த 60-களின் ஷெட் பேண்டுகளைப் பற்றி எழுதியவர்கள் அந்த வசவைப் பாராட்டாக எடுத்து அவர்களுக்குச் சூட்டினார்கள். 1972-இல் லென்னி கே என்பவர் பழைய பாட்டுகளைத் தேடித் தொகுத்து இரட்டை ரெக்கார்டாகக் கொண்டுவந்தபோது அதன் குறிப்பிலேயே பங்க் ராக் என்று எழுதினார். அதாவது நியூயார்க்கில் ரமோன்ஸ் என்ற பங்க் பேண்ட் வருவதற்கு முன்பே பேர் வந்துவிட்டது. ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976-இல் வந்தது, 14 பாட்டு, மொத்தம் 29 நிமிஷம், ஒரு வாரத்தில் பதிவாகி முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் 60-களின் ஷெட் சத்தத்தையும் 76-இன் வேகத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினார்கள். அந்தக் கலவைக்குத்தான் கராஜ் பங்க் என்று பேர். வரலாறு இவ்வளவு போதும்.

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது மைக் செட் போடுவார்களே, வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊரே கேட்கிற மாதிரி வைப்பார்கள். மைக் செட்காரர் சத்தத்தை ஒரு அளவுக்கு மேல் திருகினால் பாட்டு பெரிதாவது நின்றுவிடும், கிழிய ஆரம்பிக்கும். காரணம் எளிது. ஆம்ப்ளிஃபயரால் ஒரு எல்லை வரைக்கும்தான் மின்சாரத்தை ஏற்றி இறக்க முடியும். அதற்கு மேல் போகப் பார்க்கிற ஒலி அலையின் தலை, கத்தியால் வெட்டியது மாதிரித் தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் மூலப் பாட்டில் இல்லாத புதிய உச்ச ஸ்வரங்கள் நிறையக் கிளம்பும். நம் காதுக்கு அதுதான் கரகரப்பு. கோயில் மைக் செட்டில் அது கோளாறு. கராஜ் பங்க் கிடாரில் அதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள், ஏனென்றால் மூன்றே மூன்று கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கட்டு, தெரிந்த பையனின் கிடார்கூட அந்தப் புதிய ஸ்வரங்கள் சேரும்போது ஒரு கூட்டமே வாசிப்பதுபோல் தடித்துவிடும். தி கிங்க்ஸ் பேண்டின் டேவ் டேவிஸ் 1964-இல் தன் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறி அந்தச் சத்தத்தை எடுத்தார். ஸ்பீக்கரைக் கிழித்தே சத்தம் எடுத்திருக்கிறார் பாருங்கள், ஸ்பீக்கர் கிழிந்தா மாதிரிக் கேட்கிறது என்று என் மருமகன் சொன்னது அந்த வகையில் சரியான காதுதான்.

குரலும் அப்படித்தான். வட ஆற்காட்டுப் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியவிடிய, மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் பாய் போட்டுப் படுத்திருக்கிற கிழவிக்கும் கேட்கிற மாதிரி தொண்டையைத் திறந்து பாடுவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு துரியோதனன் வேஷக்காரர் குரல் உடைந்துபோயிருக்கும், அந்த உடைந்த குரலில்தான் கதையின் உச்சமே வரும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. சோனிக்ஸின் பாடகர் ஜெர்ரி ராஸ்லி கத்துவதை அந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

டிரம்ஸ் அப்பிக்கொண்டு கேட்கிறது என்றானே, அதற்கும் காரணம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு டிரம் செட்டுக்கு எட்டு மைக், பத்து மைக் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சரிசெய்வார்கள். சோனிக்ஸ் அந்த ஆல்பத்தைச் செய்தபோது டேப்பில் இரண்டே டிராக், மொத்த டிரம் செட்டுக்கும் ஒரே மைக். இரண்டு டிராக் என்றால் இரட்டை வழிச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து பேரும் அந்த இரண்டு வழியிலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் அவரை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்த முடியாது, மொத்தத்தையும் மறுபடி வாசிக்க வேண்டும். அதனால் ஒரே அறையில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தது, அந்த அறையின் எதிரொலியோடு சேர்ந்து, அப்படியே உள்ளே இருக்கிறது.

முதல் ஆல்பம் ஏன் என்பது இங்கிருந்துதான் வருகிறது. சோனிக்ஸின் அந்த ரெக்கார்டில் 12 பாட்டு, அதில் நாலுதான் சொந்தப் பாட்டு, மற்ற எட்டும் அப்போது எல்லா பேண்டும் டான்ஸ் ஹாலில் வாசித்த பாட்டுகள். வாரா வாரம் ஆட வந்த கூட்டத்தின் முன்னால் வாசித்து வாசித்துக் கைக்குப் பழகிப்போனவற்றை ஸ்டுடியோவுக்குள் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான கராஜ் பங்க் பேண்டுகளின் முதல் ஆல்பம் இப்படித்தான் உருவாகிறது. காசு இல்லை, ஸ்டுடியோவில் நேரம் இல்லை, கையில் இருப்பது ஷெட்டில் பழுத்த பன்னிரண்டு பாட்டு. இரண்டாவது ஆல்பத்துக்கு வரும்போது காசு வந்திருக்கும், நல்ல மைக் வந்திருக்கும், வாசிப்பும் தேறியிருக்கும், பாட்டு மட்டும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து அவசரத்தில் யோசித்ததாக இருக்கும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் நான் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கிற ரெக்கார்டுகளில் பெரும்பாலானவை முதல் ஆல்பங்கள்தான்.

நம் நாட்டிலும் இது நடந்தது. ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய சிம்லா பீட் போட்டியில் கலந்துகொண்ட பேண்டுகளின் பாட்டுகள் 1970-லும் 1971-லும் எல்.பி.யாக வந்தன. கல்லூரிப் பையன்கள், கடன் வாங்கிய கருவிகள், அதே கரகரப்பு. கிடைத்தால் விடாதீர்கள்.

சரி, இனி ரெக்கார்டு. நாம் எல்லோரும் 'கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்லாதே' என்று திட்டு வாங்கியிருப்போம். அந்த வசவுக்குள்ளேயே ரெக்கார்டு வேலை செய்கிற விதம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் எத்தனை பாட்டு இருந்தாலும் பள்ளம் ஒன்றே ஒன்றுதான், ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறது. குறுக்கே கீறல் விழுந்தால் ஊசி அடுத்த சுற்றுக்குப் போகாமல் பழைய சுற்றுக்கே வழுக்கி வந்துவிடும், அதே வரி மறுபடி கேட்கும். அந்தப் பள்ளத்தின் சுவர்களில் இருக்கிற நெளிவுதான் பாட்டு. எல்.பி. என்பது 12 அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, 1948-இல் கொலம்பியா கம்பெனி கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ஓடியவை 78 சுற்றுத் தட்டுகள், அரக்கில் செய்தவை, கீழே விழுந்தால் சில்லுச் சில்லாகிவிடும்.

இந்தப் பள்ளத்தை முதலில் வெட்டுவது லேத்தில். பட்டறையில் பார்க்கிற லேத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். மெருகுப் பூச்சு பூசிய தட்டு சுழல, மேலே ஒரு கூர் ஊசி பாட்டுக்கு ஏற்ப அதிர்ந்துகொண்டே சீவிக்கொண்டு போகும். மருமகனுக்கு இதைச் சொன்னதும் கண் விரிந்தது, பட்டறையில் இரும்புச் சீவல் சுருண்டு விழுவதைத் தினம் பார்க்கிறவன் அல்லவா. இங்கே தலைமுடி மாதிரிச் சீவல் வரும். பிறகு அந்தத் தட்டின் மேல் வெள்ளி பூசி, நிக்கல் முலாம் ஏற்றி, அச்சு எடுத்து, சூடான பி.வி.சி. உருண்டையை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்து நசுக்குவார்கள். ஏறக்குறைய அரை நிமிஷத்துக்கு ஒரு ரெக்கார்டு.

வெட்டும்போது ஒரு கணக்கு வருகிறது. சத்தம் பெரிதானால் நெளிவு அகலமாகும், குறிப்பாக அடிக்குரல் ஒலிகள் நிறைய இடம் கேட்கும். நெளிவு அகலமானால் பக்கத்துச் சுற்று தள்ளிப் போக வேண்டும். அதனால் ஒரு பக்கத்தில் 25 நிமிஷம் திணிக்கிறவர் சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். நம் ஷெட் பையன்களின் பாட்டு ஒவ்வொன்றும் இரண்டு, இரண்டரை நிமிஷம். ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, 15 நிமிஷம், அவ்வளவுதான். 500 சுற்று, பள்ளத்தை நீட்டி வைத்தால் 300 மீட்டருக்கு மேல். இடம் தாராளமாக இருப்பதால் முரட்டுச் சத்தமாக வெட்ட முடிகிறது. இந்த இசையும் இந்தத் தட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்று பழம்பெருமை பேசுவதற்காக நான் சொல்லவில்லை, கணக்கே அப்படி இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் ஓரத்தில் ஊசிக்கு அடியில் ஒரு நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், நடுவுக்கு அருகில் வந்தால் 20 சென்டிமீட்டர்தான். அதே பாட்டை நெருக்கி நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் உள் சுற்றுகளில் நுணுக்கமான உச்ச ஒலிகள் மங்கும், கொஞ்சம் கரகரக்கும். அதனால் பக்கத்தின் கடைசியில் அமைதியான பாட்டைப் போடுகிற வழக்கம் உண்டு. கராஜ் பங்க் ஆட்களில் பல பேர் அதைக் கண்டுகொள்வதில்லை, கடைசியிலும் உச்சத்தில்தான் முடிப்பார்கள். நீங்கள் அதைக் கேட்டு ரெக்கார்டு பழுது என்று பயப்பட வேண்டாம்.

எல்லாக் கரகரப்பும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், வீட்டில் நாம் செய்கிற தப்பும் உண்டு. ரெக்கார்டு பிளேயரிலிருந்து வருகிற மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். அதோடு, வெட்டும்போது அடிக்குரலைக் குறைத்து உச்சத்தைக் கூட்டித்தான் வெட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் பள்ளம் அடங்காது. அதைத் திருப்பிச் சரிசெய்ய ஃபோனோ பிரீஆம்ப் என்று ஒன்று வேண்டும். சில பிளேயர்களில் உள்ளேயே இருக்கும், ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்று எழுதிய துளை இருந்தாலும் சரி. இரண்டும் இல்லாமல் நேராக ஹோம் தியேட்டரில் சொருகினால் தகர டப்பாவுக்குள் கொசு பாடுவது மாதிரிக் கேட்கும். அடுத்தது ஊசியின் எடை. நல்ல ஊசி ஒன்றரை, இரண்டு கிராம் பாரத்தில் ஓடும், மலிவான பெட்டி பிளேயர்கள் அதைவிடக் கனமாக அழுத்தி, போகப்போகப் பள்ளத்தைத் தேய்த்துவிடும்.

வேலூரில் இருக்கிறவர்களுக்கு இதையெல்லாம்விட முக்கியமானது வெயில். அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது, மூடிய காருக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பி.வி.சி. 60 டிகிரி தாண்டினால் தளர ஆரம்பித்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம் கோட்டைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு லாங் பஜாரில் அரை மணி நேரம் அலைந்துவிட்டு வந்தேன். பின்சீட்டில் இருந்த ரெக்கார்டு பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு கிடந்தது. அதைத் தேட எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஓட்டிப் பார்த்தால் ஊசி படகு மாதிரி ஏறி இறங்குகிறது, பாட்டு அழுகிறது. இப்போது மேல்மாடி அறையில் ரெக்கார்டு வைப்பதையே விட்டுவிட்டேன், கீழ்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவரோரம், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைக்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் பாரத்திலேயே வளைந்துவிடும். கூரியர் வருகிற நாளில் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், வாசல் வெயிலில் பெட்டி கிடக்கக் கூடாது.

கேட்கும்போது, முதல் தடவை வார்த்தையைத் துரத்தாதீர்கள். ஒரு பக்கம் முழுக்க எழுந்திருக்காமல் கேளுங்கள், 15 நிமிஷம்தான். இரண்டாவது தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். ரமோன்ஸ் முதல் ஆல்பம் கிடைத்தால் ஒரு வேலை செய்யலாம், அதில் கிடாரை ஒரு பக்க ஸ்பீக்கரிலும் பேஸ் கிடாரை மறுபக்க ஸ்பீக்கரிலும் பிரித்து வைத்திருக்கிறார்கள். பேலன்ஸ் குமிழை ஒரு பக்கமாகத் திருகினால் யார் என்ன வாசிக்கிறார் என்று தனித்தனியாகத் தெரியும். கிடார் பழகுகிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

அன்றைக்கு ஏ பக்கம் முடிந்ததும் நான் மருமகனிடம் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் பளபளவென்று இருக்கிற வெற்று வளையத்தைக் காட்டினேன். அங்கே சின்னச் சின்ன எண்கள் இருந்தன. எந்தத் தட்டு, எந்தப் பக்கம் என்று அச்சுக்காக இடுகிற அடையாளம் அது. சில ரெக்கார்டுகளில் வெட்டியவர் தன் பேரையோ ஒரு வரியையோ கையாலேயே கீறிவைத்திருப்பார். மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் திருப்பிப் போட்டு பி பக்கத்தைக் கேட்டான், மறுபடி ஏ பக்கம். அக்கா சாப்பிடக் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டிலிருந்து போன் வந்தது. பின்னால் யாரோ டிரம்மைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, மூணு மைக்கு வாடகைக்கு எடுத்தாந்தோம், ரெண்ட கழட்டி வெச்சிட்டோம். இருக்கற ஒண்ண எங்க கட்டறது?"

"கூரைக் கம்பில கட்டு, டிரம்முக்குக் கொஞ்சம் முன்னால."

"பாடறவனுக்கு எட்டாதே மாமா."

"அண்ணாந்து பாடச் சொல்லுடா."